அறுபத்திரண்டு சாவிகளும் ஒரு லிப்டும்

எங்கள் ஆஸ்பத்திரி லிப்டில் எட்டுப் பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கும். ஸ்ட்ரெச்சர் ஏறிவிட்டால் அந்த எட்டில் ஆறு இடம் அதற்கே போய்விடும். மிச்சமிருந்த இரண்டு பேர் இடத்தில் அன்று மத்தியானம் நானும் என் அண்ணியும் நின்றுகொண்டிருந்தோம். பதினோரு நாளாக முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேரை நிறுத்தி வைக்க அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

அண்ணி என்றால் என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. ஆஸ்பத்திரியில் அவர் தலைமை நர்ஸ், நான் ஸ்டோர் அதிகாரி. காலையில் ஒரே பானைச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு ஒரே பஸ்ஸில் வந்து இறங்குவோம். வாசலைத் தாண்டியதும் அவர் எனக்கு 'சிஸ்டர்' ஆகிவிடுவார், நான் அவருக்கு 'ஸ்டோர் சார்'. வீட்டில் நான் 'தம்பி'. கோபம் வந்தால் மட்டும் வீட்டிலும் 'ஸ்டோர் சார்' என்பார். அந்தப் பதினோரு நாளும் அப்படித்தான். "ஸ்டோர் சாருக்கு சோறு போதுமான்னு கேளுங்க" என்று என் அண்ணனிடம் சொல்வார். ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கும் நான், "போதும்னு சிஸ்டர் கிட்ட சொல்லிடு" என்பேன். என் அண்ணன் பாவம், மத்தளம். இரண்டு பக்கமும் இடி.

சண்டைக்குக் காரணம் சாவி.

கையில் தூக்கக்கூடிய சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறக்க ஒரு சாவி வேண்டும். பூட்டுச் சாவி போல இருக்காது. விரல் நீளத்துக்கு ஒரு தட்டை இரும்பு, அதில் ஒரு சதுர ஓட்டை, அவ்வளவுதான். சிலிண்டரின் தலையில் துருத்திக்கொண்டிருக்கும் சதுரக் குமிழில் அதை மாட்டி ஒரு திருகு திருகினால் காற்று வரும். சாவி இல்லாவிட்டால் சிலிண்டர் வெறும் இரும்புக் கட்டை. தலைக்கு வைத்துப் படுக்கலாம்.

எங்கள் நர்ஸுகள் அந்தச் சாவியை ஒவ்வொரு சிலிண்டரின் கழுத்திலும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒன்றில் பேண்டேஜ் துணி, ஒன்றில் ஷூ லேஸ், ஒன்றில் தலை ரிப்பன், ஒன்றில் அறுந்துபோன சலைன் குழாய். வார்டுக்குள் நுழைந்தால் ஏதோ குழந்தைகளுக்குக் கிலுகிலுப்பை கட்டிவிட்டது போல இருக்கும். எனக்கு அதைப் பார்த்தாலே கண் உறுத்தும்.

நான் ஒழுங்குக்கு வாழ்க்கைப்பட்டவன். ஸ்டோருக்கு நான் வந்தபோது ஆறு தினுசு டார்ச், ஒன்பது தினுசு பேட்டரி, எதோடு எது பொருந்தும் என்று கடவுளுக்கே தெரியாத மாதிரி கொக்கிகள், குழாய்கள். மூன்று வருஷத்தில் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கினேன். அவசரத்தில் மூளை வேலை செய்யாது, கைதான் வேலை செய்யும். கைக்குப் பழக்கமானது ஒரே இடத்தில், ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். இதை நான் மேடையில் சொல்லி ஒரு கேடயமும் வாங்கியிருக்கிறேன். வார்டில் என் பெயர் 'ஒரே மாதிரி சார்'. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகாததற்குக் காரணம், பொண்ணுங்க எல்லாரும் வேற வேற மாதிரி இருக்கிறதுதான் என்று கம்பவுண்டர் ஒருவர் சொன்னாராம். சிரித்தவர்களில் அண்ணியும் உண்டு.

அந்தக் கேடயம் தந்த தெம்பில்தான் சாவி விஷயத்தில் கை வைத்தேன். சுற்றறிக்கை போட்டேன். ஒவ்வொரு வார்டிலும் கதவுக்கு இடது பக்கம், தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், ஒரு சிவப்புப் பெட்டி. உள்ளே நம்பர் போட்ட கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு சாவி. இனிமேல் சிலிண்டர் கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது. கத்தரிக்கோலோடு நானே வார்டு வார்டாகப் போய் அறுத்தேன். அறுபத்திரண்டு சாவிகள்.

அண்ணி தன் வார்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். கடைசி ரிப்பனை நான் அறுத்ததும் சொன்னார்.

"சிலிண்டர் நடக்கும், ஸ்டோர் சார். சுவர் நடக்காது."

"தேடுற வேலையே இருக்காது சிஸ்டர். கண்ணை மூடிட்டுக் கைய நீட்டினா சாவி இருக்கும்."

"கண்ணை மூடிட்டுத்தான் செய்யுறீங்கன்னு தெரியுது."

அதற்குப் பிறகுதான் என் அண்ணன் மத்தளமானது.

அன்று சனிக்கிழமை. மூன்று நாளாக விடாத மழை. காலையில் முற்றத்தில் நின்ற தண்ணீர் பதினொரு மணிக்குக் கீழ் வார்டின் வாசற்படியை நக்கியது, பன்னிரண்டுக்கு உள்ளே வந்து கட்டிலுக்கு அடியில் செருப்புகளை மிதக்கவிட்டது. பத்தொன்பது நோயாளிகளையும் மூன்றாவது மாடிக்கு மாற்றினோம். நகர்த்தும்போது ஒவ்வொருவரோடும் நிறைந்த சிலிண்டர் ஒன்று கூடுதலாகப் போக வேண்டும் என்பது என் விதி. பதினெட்டுப் பேர் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தார்கள். பத்தொன்பதாவது ஆள் கண்டக்டர்.

ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். முப்பத்திரண்டு வருஷம் புகையையும் தூசியையும் தின்ற நுரையீரல். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் இல்லாமல் கட்டிலிலிருந்து எழுந்து உட்காரக்கூட முடியாது. குழாயைக் கழற்றினால் பத்து நிமிஷத்தில் உதடு நீலமாகிவிடும் என்று டாக்டர் எங்களிடம் சொல்லி வைத்திருந்தார். அவருடைய மகள் கூடவே இருந்தாள். நாற்பது வயதிருக்கும், அப்பாவைப் போலவே வாய். லிப்டில் இடமில்லாததால் அவள் படியேறி ஓடினாள். அண்ணி தலைமாட்டில் நின்றார். நான் கூடுதல் சிலிண்டரை அவர் காலடியில் வைத்து, பட்டியலில் டிக் போட்டுவிட்டு, எனக்கே என் மேல் வந்த மரியாதையோடு கால்மாட்டில் நின்றேன்.

இரண்டாவது மாடியைத் தாண்டியது லிப்ட். ஒரு குலுக்கல். விளக்கு போயிற்று, விசிறி போயிற்று, அசைவும் போயிற்று.

கண்டக்டர்தான் முதலில் பேசினார். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு.

"இங்க... ஸ்டாப்பிங்... கிடையாதே."

என் டார்ச்சை எடுத்துப் போட்டேன். எரிந்தது. என் டார்ச்சுகள் எல்லாமே எரியும், அதை மட்டும் தயவுசெய்து யாராவது குறித்துக்கொள்ளுங்கள். இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியை எடுத்தேன். அது முனகிவிட்டு அடங்கியது. இருபத்து நான்கு வாக்கி டாக்கியையும் ஒரே நாளில், திங்கட்கிழமை, ஒரே வரிசையில் நிறுத்தி சார்ஜ் போடுவது என் ஏற்பாடு. அதனால் ஒரே நாளில், சனிக்கிழமை, எல்லாம் ஒரே மாதிரி உயிரை விட்டன. செல்போனுக்கு அந்த இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் கிடையாது. அபாய மணியை அழுத்தினேன். அது நல்லபடியாக அலறியது.

மேலே காலடிகள் ஓடி வந்தன. மூன்றாவது மாடியில் இருந்தவர்கள் வெளிக்கதவைத் திறந்தார்கள். நாங்கள் உள்ளேயிருந்து உள்கதவைப் பிடித்து இழுத்தோம். நான்கு விரல் அகலத்துக்குத் திறந்து ஏதோ ஒரு கம்பியில் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அதற்கு மேல் அசையவில்லை. மூன்றாவது மாடியின் தரை என் மோவாய்க்கு நேராக இருந்தது. அந்த இடுக்கு வழியே முதலில் செருப்புகள் தெரிந்தன. பிறகு தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கண்டக்டரின் மகள் முகத்தைக் காட்டினாள்.

"அப்பா! எப்படி இருக்கீங்க?"

"கூட்டம்... ஜாஸ்தி" என்றார் அவர்.

"ஜெனரேட்டர் ரூம்ல தண்ணி வந்துருச்சாம் சார். எலக்ட்ரீஷியன் இடுப்பளவு தண்ணில நின்னு பார்த்துட்டு இருக்காரு. லிப்ட் கம்பெனிக்காரர் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாராம். அஞ்சே நிமிஷத்துல சரியாயிடும்கறாங்க."

"யாரோட... அஞ்சு நிமிஷம்?" என்று கேட்டார் கண்டக்டர்.

அண்ணி என் கையைப் பிடித்து டார்ச்சை சிலிண்டரின் மீட்டர் பக்கம் திருப்பினார். முள் சிவப்புக் கோட்டுக்குள் போயிருந்தது.

"இருபது நிமிஷம் வரும். வேகத்தைக் குறைச்சு வச்சா இருபத்தஞ்சு." இதைக் காற்றைப் பார்த்துச் சொன்னார். பிறகு குனிந்து கண்டக்டரின் காலடியிலிருந்த கூடுதல் சிலிண்டரை எடுத்தார். அதன் கழுத்தைத் தடவினார். திருப்பித் தடவினார். நிமிர்ந்தார்.

"சாவி?"

ஒரு மனிதனுக்கு உள்ளங்காலிலிருந்து வியர்க்க முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"பெட்டில இருக்கு."

"எந்தப் பெட்டில?"

"கீழ் வார்டுல. கதவுக்கு இடது பக்கம். சுவத்துல."

"சுவரை ஏன் கூட்டிட்டு வரல, ஸ்டோர் சார்?"

பதினோரு நாளுக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

ஆனால் நான் அப்போதும் தோற்கவில்லை. இடுக்கில் வாயை வைத்துக் கத்தினேன். "மேல் வார்டுல சிவப்புப் பெட்டி இருக்கு! கதவுக்கு இடது பக்கம்! எந்தக் கொக்கில இருந்தாலும் சரி, ஒரு சாவி எடுத்துட்டு வாங்க!" கண்டக்டரின் மகள் அதுவரை அந்தப் பெட்டியைப் பார்த்ததே இல்லை. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, சாவி என் கையில் இருந்தது. "பாத்தீங்களா சிஸ்டர்?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

சாவி குமிழில் ஏறவில்லை.

திருப்பிப் போட்டேன், ஏறவில்லை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குனிந்து பார்த்தேன். சாவியின் ஓட்டை சின்னது, குமிழ் பெரியது. சிலிண்டரின் தோள்பட்டையில் இருந்த முத்திரை நான் வாங்குகிற கம்பெனியுடையது இல்லை.

"இது என்ன சிலிண்டர் சிஸ்டர்?"

இப்போது அண்ணியின் முறை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "போன வருஷம் ஒரு கிளினிக்கை மூடுனாங்கல்ல. அங்க சும்மா கிடந்துச்சு. நான்தான் கேட்டு வாங்கி வச்சேன்."

"இந்த மாதிரி எத்தனை இருக்கு?"

"அஞ்சு. பெட்ஷீட் அலமாரிக்குப் பின்னால."

"என் ஸ்டோருக்குத் தெரியாம!"

"உங்க ஸ்டோர் ஒரே கம்பெனியத்தான் கட்டிக்கிட்டு அழுது. அந்த லாரி ஒருநாள் வரலைன்னா? எல்லா முட்டையையும் ஒரே கூடைல வச்சுட்டு, அந்தக் கூடைக்கு கேடயம் வேற!" மூச்சு வாங்கினார். "அதோட சாவி அதோட கழுத்துல தொங்கிட்டுத்தான் இருந்துச்சு. பெரிய சாவி. பச்சை ரிப்பன்ல கட்டியிருந்தேன். எங்க போட்டீங்க அதை?"

எனக்கு நினைவிருந்தது. அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு, சிலிண்டரைப் பார்க்காமல் ரிப்பனை மட்டும் அறுத்திருந்தேன். அறுபத்திரண்டு சாவியில் ஐந்து மட்டும் கொக்கியில் சரியாகத் தொங்காமல் துருத்திக்கொண்டு நின்றன. வரிசை கெட்டது. பழைய இரும்புச் சாமான் டப்பாவில் போட்டேன்.

சொன்னேன். சொல்லாமல் இருக்கத்தான் ஆசை. ஆனால் அந்த லிப்டுக்குள் பொய் சொல்லவும் இடமில்லை.

அண்ணி திட்டவில்லை. இடுப்பிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துக் குமிழை இறுக்கித் திருப்பினார். முனை உடைந்தது. நான் பெல்ட்டைக் கழற்றிக் கொக்கியை மாட்டினேன். வழுக்கியது. வீட்டுச் சாவிக்கொத்தை வைத்து நெம்பினேன். வாசல் சாவி வளைந்தது. கைக்குட்டையைச் சுற்றிப் பல்லால் கடித்துத் திருகிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் அண்ணி எல்லாரிடமும் சொல்லியாயிற்று.

"மேல யார்கிட்டயாவது ஸ்பேனர் இருக்கா? குறடு?" என்று கத்தினேன்.

"சாமான் எல்லாம் எலக்ட்ரீஷியன் கிட்ட, சார். ஜெனரேட்டர் ரூமுக்கு ஆள் போயிருக்கு. படியெல்லாம் தண்ணி."

"வேற சிலிண்டர்?"

"இருக்கு சார், ஆனா இந்தச் சந்துல நுழையாதே!"

பெட்டிக்குள் காற்று கெட்டியாகிக்கொண்டே வந்தது. என் முதுகுச் சட்டை சுவரோடு ஒட்டியிருந்தது. கையை நீட்டினால் சுவர், பின்னால் சாய்ந்தால் சுவர், நடுவில் ஒரு மனிதனின் மார்பு வேகவேகமாக ஏறி இறங்கியது. முள் இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

"உங்களால" என்றார் அண்ணி.

"என்னால இல்ல. நீங்க கண்ட சாமானையும் சேர்த்து வச்சதால. எல்லாம் ஒரே மாதிரி இருந்திருந்தா அந்தச் சாவி இந்நேரம் திறந்திருக்கும்."

"சாவிய அறுக்காம இருந்திருந்தா மேல யாரையும் கூப்பிட்டிருக்கவே வேண்டாம்!"

"நீங்க என்கிட்ட சொல்லியிருக்கணும்!"

"நீ கேட்டிருக்கணும், தம்பி! உன்னை உன் பதினாலு வயசுல இருந்து பாக்குறேன். உன் புஸ்தகத்தை எல்லாம் உயரப்படி அடுக்குவே, ஒண்ணையும் திறக்க மாட்டே!"

"சண்டைய..." என்றது ஸ்ட்ரெச்சர். இரண்டு பேரும் குனிந்தோம். கண்டக்டர் விரலைத் தூக்கியிருந்தார். "இறங்கி... வச்சுக்கோங்க. உங்க ரெண்டு பேர் பேச்சுலயே... பாதிக் காத்து... போவுது."

டார்ச் வெளிச்சத்தில் அவர் உதடு சாம்பலாகத் தெரிந்தது. அண்ணி அவர் தலையை உயர்த்தித் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. அந்தப் பேசாமை வீட்டில் இருந்த பேசாமை இல்லை. இரண்டு பேரும் ஒரே முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மேலே தரையில் படுத்திருந்த மகள்தான் கேட்டாள். அழுதுகொண்டே, ஆனால் சண்டைக்கு வருகிற குரலில்.

"அப்பாவுக்குக் காத்துதான வேணும், சிலிண்டரா வேணும்? சிலிண்டர் இங்கேயே இருக்கட்டும். குழாய மட்டும் நீட்டி விட்டா பத்தாதா?"

நானும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேருக்கும் சேர்த்து நாற்பது வருஷ ஆஸ்பத்திரி அனுபவம். தலையில் கொட்டிக்கொள்ளத்தான் இடமில்லை.

வார்டிலிருந்து பெரிய சிலிண்டர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து கதவோரம் நிறுத்தினார்கள். அதன் குழாய் இடுக்கு வழியே உள்ளே வந்தது. என் தோள் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. ஸ்ட்ரெச்சர் வரை எட்டவில்லை. "இன்னொரு குழாய் போடுங்க!" என்றார் அண்ணி. இன்னொன்றும் வந்தது. எல்லா வார்டுக்கும் ஒரே அளவில், ஒரே கம்பெனியில் நான் வாங்கிப் போட்ட குழாய். ஒன்றின் முனையை மற்றதன் முனையோடு சேர்க்கப் போனேன்.

சேரவில்லை. இரண்டு முனையும் அகன்ற வாய். ஒன்றுக்குள் ஒன்று போகாது. ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன.

"ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா எப்படிடா சேரும்?" என்றார் அண்ணி. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாலும் அதில் ஒரு துளி சிரிப்பு இருந்தது. "நடுவுல போக ஏதாவது கொடு. பேனா இருக்கா?"

கொடுத்தேன். ரீபிளை உருவி எறிந்துவிட்டு வெறும் கூட்டை ஒரு குழாய்க்குள் செருகினார். லொடலொடத்தது. தன் பையிலிருந்து பிளாஸ்டர் சுருளை எடுத்து, பேனாக் கூட்டின் இரண்டு முனையிலும் சுற்றினார். சுற்றிச் செருகிப் பார்த்தார். இன்னும் சுற்றினார். அந்த நேரத்தில் பழைய சிலிண்டரின் மீட்டரில் முள் படுத்துவிட்டது. கண்டக்டரின் மூக்கருகே இருந்த சீறல் மெலிந்து, நின்றது.

அண்ணி தலை நிமிராமல் சுற்றிக்கொண்டே இருந்தார்.

நான்காவது சுற்றில் இரண்டு குழாயும் கூட்டின் மேல் ஏறிப் பிடித்துக்கொண்டன. "திறங்க!" என்று கத்தினேன். மேலே யாரோ திருகினார்கள். சீறல் வந்தது. பாதி கண்டக்டரின் மூக்குக்குப் போனது, பாதி இணைப்பு வழியே என் முகத்தில் அடித்தது.

"பிடி!"

இணைப்பைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறுக்கிப் பிடித்தேன். ஒழுகல் நின்றது. அண்ணி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உதட்டையே பார்த்தார். வெகு நேரம் ஆனது போலிருந்தது. பிறகு தலையை லேசாக ஆட்டினார்.

"அப்பா?" என்றது மேலே.

"இருக்கேன்... இருக்கேன். சில்லறை... பாக்கி இருக்கு."

நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினேன். வாழ்க்கையில் முதல் முறையாகக் கையை வேறெங்கும் வைக்க முடியாமல், எதையும் அடுக்க முடியாமல், ஒரு பேனாக் கூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. கண்ணைத் திறந்தேன்.

"அண்ணி. கரண்ட் வந்தா?"

"வந்தா நல்லதுதான... " என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். டார்ச் வெளிச்சம் கதவிடுக்கில் தொங்கிய குழாயின் மேல் விழுந்தது. கரண்ட் வந்தால் கதவு மூடும், லிப்ட் கிளம்பும். குழாய் நசுங்கும் அல்லது பிடுங்கிக்கொண்டு போகும். மேலே ஏறிக் கதவு திறக்கிற வரைக்கும் கண்டக்டருக்குக் காற்று இல்லை. மேலே போகாமல் கீழே இறங்கி வழியில் மறுபடி நின்றால், அப்போது இடுக்கில் மூன்றாவது மாடிக்குப் பதில் வெறும் சுவர் இருக்கும்.

அரை மணி நேரமாக எந்தச் சாமியை எல்லாம் கரண்டுக்காகக் கூப்பிட்டேனோ, அவர்களை எல்லாம் திரும்ப அழைத்து வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது.

"எலக்ட்ரீஷியன் கிட்ட சொல்லுங்க!" என்று இடுக்கில் கத்தினேன். "லிப்டுக்கு மட்டும் கரண்ட் விடாதீங்க! குறடை எடுத்துட்டு ஆளை மேல வரச் சொல்லுங்க!"

செய்தி படிக்கட்டில் மாடி மாடியாக இறங்கியது. மூன்றாவது மாடியில் மகளின் குரல், இரண்டாவதில் ஒரு நர்ஸ், முதல் மாடியில் ஒரு முரட்டுக் குரல், அதற்குக் கீழே தண்ணீர் இரைச்சல். போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை.

நேரத்துக்குச் சேரவில்லை. ஒரு உறுமல் கேட்டது. தலைக்கு மேல் விளக்கு இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது. விசிறி சுற்றியது. கதவுக்குள் ஏதோ ஒரு மோட்டார் விழித்துக்கொண்டு முனகியது.

"ஹோல்டான்... ஹோல்டான்!" என்றார் கண்டக்டர். முப்பத்திரண்டு வருஷப் பழக்கத்தில் அவர் கை, இல்லாத விசிலைத் தேடி மார்புக்குப் போனது.

நான் யோசிக்கவில்லை. முன்பே சொன்னேனே, அவசரத்தில் மூளை வேலை செய்யாது. இடது கையில் இணைப்பைப் பிடித்தபடி வலது கையைக் குழாய்க்கு மேலே இடுக்கில் தோள் வரை செருகினேன். கதவு என் புஜத்தைக் கவ்வியது. குழாய் தப்பித்தது.

"என்ன பண்றே!" என்று அலறினார் அண்ணி. "லிப்ட் கிளம்பினா கை போயிடும்!"

"கதவு மூடாம லிப்ட் கிளம்பாது."

"நிச்சயமாவா?"

"சர்ட்டிபிகேட் இருக்கு."

"படிச்சியா?"

"ஃபைல் பண்ணினேன்."

அண்ணி வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டார். மோட்டார் ஒருமுறை நெருக்கிப் பார்த்தது. விட்டது. மறுபடி நெருக்கியது. ஒவ்வொரு முறையும் என் புஜத்தில் சதை எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பிதுங்கியது. காலுக்குக் கீழே தரை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. கிளம்பலாமா என்று கேட்கிற மாதிரியான நடுக்கம். அந்தச் சர்ட்டிபிகேட்டில் யார் கையெழுத்து போட்டிருந்தார்கள் என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். கையெழுத்துதான் நினைவுக்கு வந்தது, கீழே நான் வைத்த சீல்தான் வந்தது, மேலே என்ன எழுதியிருந்தது என்று ஒரு எழுத்துகூட வரவில்லை.

லிப்ட் நகரவில்லை.

என் வலது கை மூன்றாவது மாடித் தரையில் கிடந்தது. உடம்பு ஒரு மாடியிலும் கை இன்னொரு மாடியிலும் இருப்பது விநோதமான நிலை. அங்கே யார் இருக்கிறார்கள், என்ன பார்க்கிறார்கள் என்று கைக்குத் தெரியாது. திடீரென்று இரண்டு கைகள் என் கையைப் பிடித்தன. கண்டக்டரின் மகள். பிடித்தாளா, நெரித்தாளா என்று சொல்ல முடியாது. அவள் கை ஈரமாக இருந்தது.

"விட்டுடாதீங்க சார். விட்டுடாதீங்க."

விடுவதற்கு எனக்கு வழியே இல்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.

எலக்ட்ரீஷியன் இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்ட ஓடி வந்தது, காலடிச் சத்தத்திலிருந்தே தெரிந்தது. "யாருய்யா லிப்டை நிறுத்தச் சொன்னது, நான் உயிரைக் கொடுத்து ஜெனரேட்டரை..." என்றவர் என் கையைப் பார்த்திருக்க வேண்டும். கொண்டுவந்த குறடு ஒன்றை என் கைக்கு மேலே இருந்த இடுக்கு வழியே உள்ளே போட்டார். அது என் தலையில் விழுந்து அண்ணியின் காலடிக்குப் போனது. அண்ணி என் தலையைப் பற்றி விசாரிக்கவில்லை. குனிந்து அதை எடுத்து, சிலிண்டரை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, அந்தச் சதுரக் குமிழைக் கவ்வித் திருகினார்.

முதல் திருகில் வழுக்கியது. இரண்டாவதில் கிறீச்சென்றது.

அந்தச் சீறல் ஒரு லிப்டுக்குள் கேட்கும்போது எத்தனை பெரிதாக இருக்கும் என்று எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. முள் நிமிர்ந்தது. சிவப்பைத் தாண்டியது, பச்சைக்குப் போனது, பச்சையிலும் கடைசிக்குப் போனது. அண்ணி கண்டக்டரின் மூக்குக் குழாயை அதற்கு மாற்றினார். அவர் ஒரு முழு மூச்சு இழுத்தார். பாதியில் உடையாத மூச்சு.

"இப்ப கையை எடு, தம்பி" என்றார் அண்ணி. "குழாய் இனி வேண்டாம். கிளம்பலாம்."

இடது கையின் விரல்களைப் பேனாக் கூட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அவை மடங்கிய நிலையிலேயே மரத்திருந்தன. வலது கையை இழுக்கப் போனேன். வரவில்லை. கதவு விட்டுவிட்டிருந்தது. மேலே அந்த மகள் இன்னும் விடவில்லை.

"அம்மா, கையை விடணும்" என்றேன் இடுக்கு வழியே.

"அப்பா மூச்சு விடுறாரா?"

"விடுறாரு."

"நல்லா விடுறாரா?"

அண்ணி கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் கண்ணை மூடி, வாயைத் திறந்து, இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். மார்பு நிதானமாக ஏறி இறங்கியது.

"எண்ணிச் சொல்லுங்க" என்றாள் அவள்.

லிப்டுக்குக் கரண்ட் இருந்தது, விளக்கு இருந்தது, பொத்தானை அழுத்தினால் போதும். நான் கையை அங்கேயே வைத்துக்கொண்டு அவர் மூச்சை எண்ண ஆரம்பித்தேன். ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் அவள் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. பதினேழு வரைக்கும் போனோம்.